மெட்டுகுடா வீட்டில் மாலை வாங்கும் தலைவர்

வரலாறு படித்தவன் கடைசியில் என்ன ஆவான் என்று காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் என் அக்கா மீனா என்னை ஹைதராபாத்துக்கு வரச் சொன்னாள்.

"நீ ஒண்ணும் பெரிசா பேச வேண்டாம்டா. வந்து மூணு நாள் இரு. உன்னைப் பாத்தாலே அவளுக்குப் புரிஞ்சிடும்" என்றாள் போனில்.

அவள் என்பது அக்காவின் ஒரே மகள் தாரணி. பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறாள். நல்ல பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் கிடைத்தும், பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எது வேண்டும் என்று இணையத்தில் பதிவு செய்யச் சனிக்கிழமை மாலை கடைசி.

நான் எம்.ஏ. வரலாறு. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைத் தளத்துக்கு மேற்பார்வையாளன். பல்லவர் முதல் பாமினி வரை கரைத்துக் குடித்துவிட்டு, "சுங்குடியா? அது மேல் மாடிம்மா, லிஃப்ட் அந்தப் பக்கம்" என்று கைகாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் எங்கள் கடையில் சொந்தக் கல்யாணத்துக்கே லீவு கிடையாது. அதற்கு முன்பாகக் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக் கிளம்பினேன்.

ரயிலில் எதிர் இருக்கையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். ஹைதராபாத்தில் மென்பொருள் வேலை. நான் வரலாறு படித்தவன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, போன மாதம் பார்த்த ராஜா காலத்துப் படம் ஒன்றின் கதையை முழுக்கச் சொன்னார். "அந்தக் காலத்துல நிஜமாவே அப்படித்தான் சண்டை போட்டாங்களா சார்?" என்று கேட்டார். ராஜாக்கள் பெரும்பாலும் தொப்பையோடு இருந்திருப்பார்கள், பாதிப் போர்கள் வரிப்பணம் வராமல் நின்றுபோயிருக்கும் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை செகந்திராபாத்தில் இறங்கினேன். அத்தான் ஸ்கூட்டரில் வருகிறேன் என்றதை, வேண்டாம், எனக்கு வழி தெரியும் என்று கௌரவமாக மறுத்திருந்தேன். முன்பு இரண்டு முறை வந்தவன் என்கிற தைரியம். ஸ்டேஷன் வாசலில் நாச்சாரம் போகும் ஷேர் ஆட்டோ நின்றது. அக்கா வீடு இருக்கும் மெட்டுகுடா வழியில்தான். டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்தேன்.

டிரைவர் பேச்சுப் பிரியர். என் உடைந்த இந்தியைப் பொறுத்துக்கொண்டு என்ன படிப்பு என்று விசாரித்தார். சொன்னேன். உடனே அவர் சொன்னது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள். இந்த ஊர் இந்தியாவோடு சேர்ந்த நாளுக்கு ஒரு கட்சி விடுதலை நாள் என்கிறது. இன்னொரு கட்சி ஒருமைப்பாட்டு நாள் என்கிறது. என் தாத்தா அந்த நாளைப் பற்றி வாயே திறக்க மாட்டார். எது சரி?"

ஓடும் ஆட்டோவில், அதுவும் தொங்கிக்கொண்டு, இதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்ற அறிவு எனக்கு இல்லை. மூன்றும் சரிதான், யார் வீட்டிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அது இரண்டு கட்சிக் கூட்டத்துக்கும் ஆள் ஏற்றிப்போகிற நாள்" என்றார். நான் சிரித்து முடித்து நிமிர்ந்தபோது சுற்றிலும் தொழிற்சாலைச் சுவர்கள். மெட்டுகுடா எப்போதோ போய்விட்டது. நாச்சாரத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு நடுவில் பெட்டியோடு நின்று அத்தானுக்கு போன் செய்தேன்.

பாலன் அத்தான் ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவர். பூர்வீகம் அரக்கோணம் பக்கம். தாத்தா காலத்திலேயே ரயிலோடு இங்கே வந்துவிட்ட குடும்பம். அவர் தமிழில் அரக்கோணமும் ஹைதராபாத்தும் சரிபாதி. ஏன் என்பதற்கு 'கைக்கு' என்பார், ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

"கைக்கு மாப்ள இவ்ளோ தூரம் வந்த? எறங்குறதுக்குக் கூட மறந்துட்டியா?"

"அரசியல் பேசிக்கிட்டு வந்தேன் அத்தான்."

"இன்னாத்துக்கு? அத வெச்சித்தான் பொண்ணை மெரட்டப் போறியா?" என்று சிரித்தபடி பெட்டியை வாங்கி ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டார்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் கூடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தப் படம். எப்போதும் போல எதிர்ச் சுவரில், ஆளுயரத்தில், கறுப்பு வெள்ளையில். நீராவி எஞ்சினின் ஜன்னலில் இருந்து எட்டிப் பார்ப்பவர் அத்தானின் அப்பா. கீழே வெள்ளை ஜிப்பாவில், கழுத்து நிறைய மாலையோடு, கை தூக்கியபடி பாதி முகம் திருப்பி நிற்பவர் நம் தேசத் தலைவர் ஒருவர். பெயர் எதற்கு, பள்ளிக்கூடச் சுவரில் எல்லோரும் பார்த்த முகம்தான். சுற்றிலும் கொடி பிடித்த கூட்டம். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதியும் அக்கா குளித்துவிட்டு இந்தப் படத்துக்கு மாலை போடுவாள். காலனியில் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்தப் படத்துக்கும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. அக்காவுக்கு வரன் பார்க்க என் அப்பா இங்கே வந்தபோது நான் பிளஸ் டூ முடித்துவிட்டு என்ன படிப்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அப்பா கதர்க்காரர். தலைவர் பேரைச் சொன்னாலே நெகிழ்ந்துவிடுவார். ஊர் திரும்பியதும் மாப்பிள்ளையின் வேலை, வீடு எதையும் சொல்லவில்லை. "தலைவரை வண்டில ஏத்திட்டு வந்த மனுஷன்டா. அந்தக் கையைத் தொட்டுக் கண்ல ஒத்திக்கிட்டேன். அதே கையால எனக்குக் காபி குடுத்தார்" என்றார். வரலாறு அவ்வளவு பக்கத்தில், காபி டம்ளர் நீட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த வாரம் பி.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பம் போட்டேன்.

மத்தியானம் அக்கா கத்திரிக்காயில் வேர்க்கடலையும் எள்ளும் அரைத்துவிட்டு இந்த ஊர்க் குழம்பும், பக்கத்தில் திருச்சி ரசமும் வைத்திருந்தாள். இருபத்து சொச்சம் வருஷமாகியும் அவள் பேச்சில் ஒரு எழுத்துகூட ஹைதராபாத் ஆகவில்லை. சமையலில் மட்டும் பாதி ஆகிவிட்டது. தாரணி எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷிலும் இந்தியிலும் பதில் சொன்னாள்.

"எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் மாமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"எதை?"

"பயமுறுத்தறதை" என்றாள். இது மட்டும் தமிழ்.

வெள்ளிக்கிழமை அவளே என்னைக் கோல்கொண்டாவுக்கு அழைத்துப் போனாள். வாசல் வளைவுக்குக் கீழே கைடு ஒருவர் கை தட்டினால் உச்சியில் கேட்கும் என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மலைக்கோட்டையில் இப்படி ஒன்று இருந்தால் கீழே கடைத்தெருவில் பேசும் பேரம் எல்லாம் பிள்ளையார் காதில் விழும் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புகள். வாடகைச் சேர்வானியில் ஒரு மாப்பிள்ளை இடிந்த மதிலில் சாய்ந்து ராஜா மாதிரி பார்க்க முயன்றுகொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் சோகமாக! ராஜ்ஜியம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்!" என்று கேமராக்காரர் இந்தியில் கத்தினார். மாப்பிள்ளை கல்யாணத்தை நினைத்தாரோ என்னவோ, சோகம் தத்ரூபமாக வந்தது.

நானும் என் கடமையைச் செய்தேன். படிகளில் ஏறும்போது தேர்வு எழுதித் தோற்றது, தற்காலிக ஆசிரியராக இருந்த பள்ளி மூடியது, ஜவுளிக்கடையில் சேர்ந்த முதல் நாள் புடவை மடிக்கத் தெரியாமல் திட்டு வாங்கியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மூச்சு வாங்கியதால் சோகம் நன்றாகவே எடுபட்டது. தாரணி குறுக்கே பேசாமல் கேட்டாள். உச்சியில் காற்று வாங்க உட்கார்ந்ததும் தன் போனை எடுத்து நீட்டினாள். கூடத்துப் படத்தை அவளே எடுத்து வைத்திருந்தாள்.

"இதைப் பாருங்கள். தலைவரைப் பார்க்காதீர்கள். அவருக்குப் பின்னால்." இங்கிலீஷும் இந்தியும் கலந்து அவள் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

விரலால் பெரிதாக்கினாள். கூட்டத்தின் ஓரத்தில், கொடிகளுக்கு மேலே, ஓர் இரும்புக் கம்பம். உச்சியில் குறுக்குக் கை. மின்சார ரயிலுக்காக ரயில் பாதையோரம் நடுவார்களே, அந்தக் கம்பம்.

"இந்தப் பாதைக்கு மின்சாரம் வந்தது அப்பா பட்டறையில் சேர்ந்த பிறகு. அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன், எதற்கென்று சொல்லாமல். தலைவர் இறந்து அதற்குள் முப்பது வருஷமாவது ஆகியிருக்கும். அந்த எஞ்சினுக்கும் அப்போது வயசாகியிருக்கும். இது ஏதோ சினிமா மாமா."

எனக்கு வேர்த்தது வெயிலால் அல்ல. இரண்டு முறை அந்தப் படத்துக்கு முன்னால் நின்றிருக்கிறேன். எம்.ஏ. வேறு. சான்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தனித்தாளே எழுதித் தேறியவன். ஒரு கம்பம் கண்ணில் படவில்லை.

"எப்படி எங்க யாருக்கும் தெரியலை?"

"நீங்கள் எல்லோரும் தலைவரையே பார்க்கிறீர்கள்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மாவுக்குத் தெரியாது. சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு நாள் காலனியில் அவள்தான் ராணி" என்றாள்.

இறங்கி வந்து பழைய நகரத்தில் ஈரானி ஹோட்டல் ஒன்றில் உப்பும் இனிப்புமான பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றோம். எனக்கு ருசி தெரியவில்லை. என் அப்பா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கை ஒரு சினிமாக் கையாக இருந்தால், நான் படித்த படிப்பு எதன்மேல் நிற்கிறது என்று கவலையாக இருந்தது. உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

சனிக்கிழமை காலை அத்தான் என்னை மௌலா அலி மலைக்குக் கூட்டிப்போனார். மேலே தர்கா. படிகளில் ஏறி, வணங்கிவிட்டு, பாறையில் உட்கார்ந்தோம். கீழே ரயில் யார்டும் பாதைகளும் வரி வரியாகத் தெரிந்தன. இதற்கு மேல் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அத்தான், கூடத்துல இருக்கற படம் ஷூட்டிங்கா?"

அத்தான் பதறவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கீழே பார்த்தார்.

"ஹவ் மாப்ள. தோ, அந்த மூணாவது லைன்லதான் எடுத்தாங்க. எங்க அப்பா ரிட்டயராகுற வருஷம். பழைய எஞ்சினைத் தேடிக் கொண்டாந்தாங்க, ஓட்டுறதுக்கு ரயில்வே ஆள்தான் வேணும்ல, அப்பாவைப் போட்டாங்க. மீசை நரைச்சிருக்குன்னு மேக்கப்காரன் மை தடவுனான். கம்பம் அப்பதான் நட்டிருந்தாங்க, கம்பி இழுக்கல. டைரக்டர் ஆளுங்களை நிக்க வெச்சி மறைச்சாரு. ஸ்டில் எடுத்தவன்தான் வேற பக்கமா நின்னுட்டான். பழைய காலம் மாரி இருக்கணும்னு கறுப்பு வெள்ளைல போட்டுக் குடுத்தான். படம் கடைசி வரைக்கும் ரிலீசே ஆகல."

"அப்ப எங்க அப்பா?"

"எனக்கு ரெண்டு எடம் தட்டிப்போச்சு மாப்ள. பட்டறை வேலை, தூர தேசம், பொண்ணு குடுக்க மாட்டோம்னுட்டாங்க. மூணாவதா உங்க அப்பா வந்தாரு. வந்தவரு என்னைப் பாக்கவே இல்ல. படத்தைப் பாத்தாரு. 'இவர்தானே?'ன்னு கேட்டாரு, கண்ணெல்லாம் தண்ணி. எங்க அப்பாவுக்குத்தான் எஞ்சின் சத்தத்துல காது போயிடுச்சே, கையைப் புடிச்சிக் கண்ல ஒத்திக்கிட்டா எதுக்குன்னே தெரியாம சிரிக்கிறாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, 'தலைவரை ஏத்திட்டு வந்தவர் இவர்தானே, மாப்பிள்ளை?'ன்னாரு. நான் தலையை ஆட்டிட்டேன்." மறுபடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "அந்த ஒரு தலையாட்டல்லதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அதில் கல்யாணம் ஆனது, எனக்கு எம்.ஏ. ஆனது. அதைச் சொன்னதும் அவரும் சிரித்தார். பிறகு, "மீனாகிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு வருசமும் நெனைப்பேன். அவ மாலையை எடுத்துனு வருவா. நான் வெளிய போயிடுவேன்" என்றார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாலை நான்கு மணிக்குக் கூடத்தில் கம்ப்யூட்டர் திறந்து வைக்கப்பட்டது. தாரணி முன்னால் உட்கார்ந்தாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள்.

"சொல்லுடா. வரலாறு படிச்சு என்ன கிழிச்ச?"

"புடவை விக்கறேன்க்கா."

"கேட்டியா?" என்று மகளிடம் திரும்பினாள்.

"ஆனா எங்க தளத்துலயே இன்னொருத்தர் இருக்கார். பி.இ. அவரும் புடவைதான் விக்கறார்" என்றேன்.

அக்கா என்னை முறைத்த முறைப்பில் திருச்சிக்கு அப்போதே வண்டி ஏறியிருக்கலாம். "உன்னைப் போய்க் கூப்பிட்டேன் பாரு" என்றவள், சுவரைக் காட்டினாள். "இதோ தொங்குது வரலாறு. இந்த வீட்டுக்கு இது போதாதா? இதுக்கு மேல காலேஜ்ல போய் வேற படிக்கணுமா?"

நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். அத்தான் எழுந்து நின்றார்.

"மீனா, அது வரலாறு இல்ல."

சொல்லிவிட்டார். மலையில் என்னிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில், படத்தைப் பார்க்காமல், சொல்லி முடித்தார். தாரணி எழுந்து போய்ப் படத்தின் இடது ஓரத்தில், கம்பத்துக்குக் கீழே, கொடி பிடித்து நின்ற ஒல்லி இளைஞன்மேல் விரலை வைத்தாள். காதுகள் இரண்டும் விரிந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

"அப்பா, இது நீங்கதானே?"

இது அத்தான் என்னிடம்கூடச் சொல்லாதது. "ஹவ்" என்றார். "அப்ரண்டிஸ் பசங்க எல்லாரையும் கூட்டினு போனாங்க. பொட்டலம் பிரியாணி குடுத்தாங்க."

அக்கா கிட்டே போய், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, வெகு நேரம் பார்த்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா யாரோ ஒரு நடிகருக்கா நான் மாலை போட்டுக்கிட்டிருந்தேன்?"

"நம்ம ஊர்ல எல்லாரும் அதத்தானேக்கா பண்றோம்" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "எங்க அப்பாவை ஏமாத்திட்டீங்க" என்றாள் அத்தானிடம், மெதுவாக. பிறகு மகளிடம் திரும்பினாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"டென்த் படிக்கும்போது."

"ரெண்டு வருஷமாவா? ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

தாரணி இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்து நிறுத்தினாள். அந்த மூன்று நாளில் அவள் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசியது அப்போதுதான்.

"நீ மாலை போடற அன்னிக்குக் காலையிலேர்ந்து பாடிக்கிட்டே இருப்ப. அதான் சொல்லலை."

அக்கா உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் உருட்டும் சத்தம் வந்தது. கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. தாரணி கம்ப்யூட்டரைத் தொடாமல் காத்திருந்தாள். கடைசியில் நான்கு டம்ளரில் டீயோடு அக்கா வந்தாள். கண் சிவந்திருந்தது. முதல் டம்ளரை அத்தானிடம் கொடுத்தாள்.

"அன்னிக்கு எங்க அப்பாகூட இவளை மாதிரி ஒருத்தி வந்திருந்தா இந்தக் கல்யாணமே நடந்திருக்காது" என்றாள். பிறகு மகளின் தலையில் கை வைத்து, "கண்டுபிடிக்கவும் தெரியுது, வாயை மூடிக்கிட்டு இருக்கவும் தெரியுது. போடு. உனக்கு எது வேணுமோ அதைப் போடு. ஆனா காலனில யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றாள்.

தாரணி பி.ஏ. வரலாறு என்று பதிவு செய்தாள். வந்த காரியத்தில் முழுத் தோல்வியோடு ஞாயிறு காலை ரயில் ஏறினேன். மனசு நிறைந்திருந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆகஸ்ட் பதினைந்து அன்று கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தாரணியிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. அக்கா வழக்கம்போல மாலை போட்டிருந்தாள். ஆனால் தலைவரின் கழுத்துக்கு நேராக இல்லை. சட்டத்தின் இடது மூலையில் மாட்டி, கொடி பிடித்த அந்தக் காதுக்காரப் பையனைச் சுற்றி வருகிற மாதிரி தொங்கவிட்டிருந்தாள்.

அப்பா ஈசிச்சேரில் இருந்தபடி கை நீட்டினார். "மெட்டுகுடா படமா? குடு." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலைவரை ஒரு முறை கும்பிட்டுவிட்டு, உற்றுப் பார்த்தார்.

"மாலை ஏன்டா ஓரமாப் போயிருக்கு?"

எம்.ஏ. வரலாறு படித்த நான், "காத்துல நகர்ந்திருக்கும்ப்பா" என்றேன்.